பெருநாள் விருந்தும் நம் அடுப்படியும்





பெருநாள் என்றதும் நம் வீடுகளில் தொழுகை, புத்தாடை, விருந்து ஆகிய மூன்றும் நினைவுக்கு வருகின்றன. தொழுகையின் சட்டங்களை ஆலிம்கள் ஆண்டுதோறும் எடுத்துச் சொல்கின்றார்கள். புத்தாடையைப் பற்றி ஜவுளிக்கடைக்காரர்களே வேண்டிய மட்டும் சொல்லி விடுகின்றார்கள். விருந்தைப் பற்றி மட்டும் பேசுவார் குறைவு. அது பெண்கள் காரியம் என்று ஆண்களாகிய நாம் ஒதுங்கிக் கொள்கின்றோம். ஆகவே, இம்மாதம் அடுப்படியைப் பற்றியே எழுத எண்ணினோம். எழுதுவதற்கு ஒரு காரணமும் உண்டு. அதை மறைக்காமல் முதலில் சொல்லி விடுகின்றோம்.

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், மேலூரைத் தாண்டி வந்தால் நம் கொட்டாம்பட்டி. நத்தத்துச் சாலையும் சிங்கம்புணரிச் சாலையும் இங்கே வந்து கூடுகின்றன. நான்கு பக்கமும் பஸ் உள்ள ஊராகையால், பெருநாளன்று உறவினர் வருகைக்குக் குறைவிராது. மேலூர் மாமு வருவார். துவரங்குறிச்சியிலிருந்து சம்பந்தி வீட்டார் வருவார்கள். வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்புவது நம் பக்கத்தில் வழக்கமில்லை.

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் நோன்புப் பெருநாளும் ஊரடங்கில் கழிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிவாசல் கதவுகள் மூடியிருக்க, விருந்தாளி என்று ஒருவரும் வாசற்படி ஏறாமல், ஆக்கிய சோற்றை நாமே பார்த்துக் கொண்டிருந்த பெருநாள்கள் அவை. 2022-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் வந்த நோன்புப் பெருநாளில்தான் கட்டு அவிழ்ந்தது. இரண்டு ஆண்டு ஏக்கம் தீர வேண்டும் என்று, கண்ணில் பட்டவரையெல்லாம் நாம் அழைத்து விட்டோம். இருபத்தைந்து பேர் என்று வீட்டில் சொல்லியிருந்தோம். வந்தவர்கள் நாற்பதுக்கு மேல். கத்திரி வெயில் தொடங்க ஒரு நாள் இருந்த வேளை. நம் தாயாரும் இல்லாளும் பின்னிரவு மூன்று மணிக்கே எழுந்து விறகடுப்பின் முன் நின்றார்கள். நாமோ தொழுகைக்குப் போனோம், பயான் செய்தோம், முஸாஃபஹா செய்தோம், வீடு திரும்பி வெளித் திண்ணையில் அமர்ந்து வந்தவர்களை வரவேற்றோம். உள்ளேயிருந்து தட்டுகள் வந்து கொண்டேயிருந்தன. எல்லாரும் புகழ்ந்தார்கள். நாமும் மனம் மகிழ்ந்தோம்.

மூன்றரை மணி இருக்கும். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தால், பின்கட்டில் பாத்திரம் விளக்கும் இடத்தில் நம் தாயார் சாய்ந்து கிடக்கின்றார்கள். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல். எதிர் வீட்டு அக்கா ஓடிவந்து சீனித் தண்ணீர் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டினார். சற்று நேரத்தில் தெளிவு வந்தது. பிறகுதான் விவரம் தெரிந்தது. தாயார் சர்க்கரை நோயாளி. 'இதோ சாப்பிடப் போகிறோம்' என்று காலையில் மாத்திரையைப் போட்டிருக்கின்றார்கள். அடுப்பை விட்டு நகர நேரமில்லை. அப்புறம் சோறு போதவில்லை. தேக்சாவின் அடியில் காந்தல் மட்டும் இருந்தது. அதையும் இல்லாளுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம் "நான் சாப்பிட்டாச்சு" என்று சொல்லியிருக்கின்றார்கள். கண் விழித்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "வந்தவுகள்லாம் சாப்பிட்டாகளாத்தா?" என்பதுதான்.

அன்று காலை நாம் செய்த பயானின் தலைப்பு என்ன தெரியுமா? பசித்தவருக்கு உணவளித்தல்!

அன்பர்களே! அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஓதிய கிதாபுகளை மறுபடி புரட்டினோம். விருந்தோம்பலின் சிறப்பைக் கூறும் ஹதீஸ்களை எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கின்றோம். ஆனால் அந்த விருந்துகளை ஆக்கியவர்கள் யார், அவர்கள் எப்போது உண்டார்கள் என்று ஒரு நாளும் கவனித்துப் படித்ததில்லை. கவனித்துப் படித்தபோது கண்ட இரண்டு விருந்துகளை இங்கே சொல்கின்றோம்.

முதலாவது, அகழ்ப் போரின் போது ஹள்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் வீட்டில் நடந்த விருந்து. ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு, மதீனாவைக் காக்க ஸஹாபாக்கள் அகழ் தோண்டிக் கொண்டிருந்த பஞ்ச காலம். நாயகம் (ஸல்) அவர்கள் பசியின் கொடுமையால் திருவயிற்றில் கல்லைக் கட்டியிருந்ததை ஜாபிர் (ரலி) கண்டார்கள். மனம் தாளாமல் வீட்டுக்கு ஓடி, ஏதும் இருக்கின்றதா என்று மனைவியாரிடம் கேட்டார்கள். ஒரு ஸாஉ அளவு வாற்கோதுமையும் ஓர் ஆட்டுக்குட்டியும் இருந்தன. மனைவியார் கோதுமையை அரைத்தார்கள், கணவர் ஆட்டை அறுத்தார். கூட்டத்தின் முன் தம்மை வெட்கப்பட வைத்துவிட வேண்டாமென்று அந்த அம்மையார் கணவரிடம் சொல்லியனுப்ப, அவரும் நாயகம் (ஸல்) அவர்களையும் சிலரையும் மட்டும் இரகசியமாக அழைத்தார். சோறு போதாமற் போய்விடுமோ என்ற பயம், இன்று நம் வீட்டுப் பெண்களுக்கு இருக்கும் அதே பயம், அன்றும் இருந்தது!

நாயகம் (ஸல்) அவர்களோ அகழ் தோண்டிய அனைவரையும் அழைத்துக் கொண்டு வந்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர். தாம் வரும்வரை சட்டியை அடுப்பிலிருந்து இறக்க வேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்லியனுப்பி, வந்ததும் பரக்கத் வேண்டிப் பிரார்த்தித்தார்கள். அல்லாஹ் பெருக்கித் தந்தான். இந்த முஃஜிஸாவை நாம் எல்லாரும் அறிவோம். நாம் அதிகம் கவனிக்காத இரண்டு செய்திகள் அதே ஹதீஸில் இருக்கின்றன. ஒன்று, நாயகம் (ஸல்) அவர்களே தம் திருக்கரங்களால் ரொட்டியைப் பிய்த்து, அதன் மேல் இறைச்சியை வைத்துத் தோழர்களுக்குப் பரிமாறினார்கள். ஆயிரம் பேருக்கும் பரிமாறும் சுமையை அந்த ஒரு பெண்ணின் தலையில் அவர்கள் வைக்கவில்லை. மற்றொன்று, எல்லாரும் உண்ட பிறகு, ஆக்கிய அந்த அம்மையாரைப் பார்த்து, 'நீயும் உண், பிறருக்கும் கொடுத்தனுப்பு, மக்கள் பசியில் இருக்கின்றார்கள்' என்னும் கருத்துப்பட அருளினார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. படைத் தலைவர், பசியால் கல் கட்டியவர், ஆயிரம் பேரைக் கவனிக்க வேண்டியவர். அப்படிப்பட்டவர்கள் அடுப்படியில் நின்ற பெண்ணை மறக்கவில்லை. நாற்பது பேரைக் கவனித்த நாம் பெற்ற தாயை மறந்தோம்!

இரண்டாவது, விருந்தாளிக்காக விளக்கை அணைத்த அன்ஸாரித் தோழரின் வீடு. குழந்தைகளின் உணவைத் தவிர வேறெதுவும் இல்லாத அந்த வீட்டில், பிள்ளைகளைத் தூங்க வைத்து, விளக்கைச் சரி செய்வது போல் அணைத்து, கணவனும் மனைவியும் இருட்டில் உண்பது போலப் பாவனை செய்து விருந்தாளியை உண்ண வைத்தார்கள். அல்லாஹ் மெச்சிய செயல் அது. தமக்குத் தேவையிருந்தும் பிறருக்கு முதலிடம் தருவோரைப் புகழும் ஹஷ்ர் அத்தியாயத்தின் 9-ஆம் வசனத்துக்கு இந்நிகழ்ச்சியைக் காரணமாக முஃபஸ்ஸிர்கள் சொல்கின்றார்கள். இந்த வரலாற்றைக் காட்டித்தான், வீட்டுப் பெண்கள் பட்டினி கிடந்து பரிமாறுவதை நாம் தியாகம் என்று மெச்சிக் கொள்கின்றோம். ஆனால் பாருங்கள்! அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்தே பசித்திருந்தார்கள். இருவரும் கலந்து பேசி முடிவு செய்தார்கள். கணவர் விருந்தாளியோடு வயிறார உண்டு, மனைவி மட்டும் பசித்திருந்ததாக எந்த ரிவாயத்திலும் இல்லை. நம் பசியைத் தியாகம் செய்ய நமக்கு உரிமையுண்டு. பிறர் பசியைத் தியாகம் செய்ய நமக்கு என்ன உரிமை?

'அவர்களாக விரும்பித்தானே செய்கின்றார்கள், நாம் வற்புறுத்தினோமா?' என்று சிலர் கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். வெளியில் நாற்பது பேர் அமர்ந்திருக்க, உள்ளே சட்டி காலியாகி விட்டால், எந்தத் தாய்தான் 'எனக்கு வேண்டும்' என்று வாய் திறந்து கேட்பாள்? கேட்க முடியாத இடத்தில் ஒருவரை நிறுத்தி விட்டு, அவர் கேட்கவில்லையே என்பது நியாயமாகாது.

இனி, பெருநாள் விருந்தை எப்படி நடத்தலாம் என்பதைக் காரியமாகச் சொல்வோம். நம் வீட்டில் செய்து பார்த்தவற்றையே சொல்கின்றோம்.

முதலில் தலைக்கணக்கு. எத்தனை பேர் என்பதை வீட்டுப் பெண்களோடு கலந்து பேசி முடிவு செய்யுங்கள். முடிவு செய்த பிறகு தெருவில் பார்த்தவரையெல்லாம் அழைக்காதீர்கள். ஹள்ரத் அபூ ஷுஐப் (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களையும் சேர்த்து ஐந்து பேருக்கு உணவு தயார் செய்து அழைத்தபோது, ஆறாவதாக ஒருவர் பின்தொடர்ந்து வந்து விட்டார். அவர் வரலாமா, திரும்பிப் போக வேண்டுமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டுக்காரரிடமே கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் உள்ளே அழைத்துச் சென்றார்கள். அழைத்தவரின் கணக்குக்கு அவர்கள் கொடுத்த மரியாதை அது.

அளவுக்கு ஒரு வாய்ப்பாடு. ஒரு கிலோ சீரகச் சம்பா, ஒரு கிலோவுக்குக் குறையாத ஆட்டிறைச்சி, உடன் தாளிச்சாவும் வெங்காயப் பச்சடியும் இருந்தால் எட்டிலிருந்து பத்துப் பேர் தாராளமாக உண்ணலாம். இருபது பேர் என்றால் இரண்டரை கிலோ அரிசி போடுங்கள். எதிர்பாராமல் வரும் இரண்டொருவருக்கும் அதில் இடமுண்டு. இருவர் உணவு மூவருக்கும், மூவர் உணவு நால்வருக்கும் போதும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள். அதற்கு மேலும் கூட்டம் வந்துவிட்டால் தனியே வெள்ளைச் சோறு வடித்து, தாளிச்சாவோடு கொடுப்பதில் எந்தக் கெளரவக் குறைவும் இல்லை.

அடுத்தது வசதிக்கு ஏற்ற விருந்து. நாயகம் (ஸல்) அவர்கள் தம் மனைவியருள் ஒருவரை மணந்தபோது கொடுத்த வலீமா இரண்டு முத்து அளவு வாற்கோதுமைதான். ஹள்ரத் ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமாவில் தோல் விரிப்பின் மீது பேரீச்சம் பழம், பாலாடைக் கட்டி, நெய் ஆகியவை வைக்கப்பட்டன. வீண் சிரமம் எடுத்துக் கொள்வது நமக்குத் தடுக்கப்பட்டிருந்தது என்று ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் கூறியிருக்கின்றார்கள். கடன் வாங்கி ஆட்டை அறுத்து, ஆறு மாதம் தவணை கட்டி, அந்தக் கவலையில் பிள்ளைகளிடம் எரிந்து விழுவது பெருநாளாகுமா? ஒரு சோறு, ஒரு ஆணம், ஒரு பச்சடி, ஒரு இனிப்பு. நான்கு போதும். கோழி வாங்கத்தான் வசதி என்றால் கோழி. முட்டைதான் முடியும் என்றால் முட்டை. பத்து வகை செய்து பாத்திரம் விளக்க ஆளில்லாமல் தவிப்பதை விட இது மேல்.

முன்வேலை மூன்றாவது. ஹஜ்ஜுப் பெருநாளின் தேதி பத்து நாளைக்கு முன்பே தெரிந்து விடுகின்றது. நோன்புப் பெருநாள் அப்படியன்று. பிறை தெரிந்ததாகத் தமிழக அரசின் தலைமை காஜி அறிவித்த பிறகு, அன்றிரவு கடைத்தெருவில் நிற்க இடம் இருக்காது. ஆகவே மசாலாப் பொடி, அரிசி, நெய், முந்திரி, சேமியா முதலியவற்றைக் கடைசிப் பத்து நோன்பு தொடங்கும் முன்பே வாங்கி வைத்து விடுங்கள். அந்தப் பத்து இரவுகள் கடைக்குரியவை அல்ல, இபாதத்துக்குரியவை. பிறை இரவில் இஞ்சி பூண்டு அரைப்பதும் வெங்காயம் உரிப்பதும் மட்டும் மிச்சமிருக்கட்டும். வெங்காயம் உரிக்க ஆண்களுக்கும் கண் இருக்கின்றது.

அதுதான் நான்காவது: வேலைப் பங்கீடு. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டதற்கு, வீட்டாரின் வேலைகளில் உதவிக் கொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டு விடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள். ஆகவே, தண்ணீர் பிடித்து வைப்பது, விறகோ சிலிண்டரோ தூக்கி வைப்பது, தேக்சாவை இறக்குவது, பாய் விரிப்பது, பரிமாறுவது, சுப்ரா மடிப்பது, பெரிய பாத்திரங்களை விளக்குவது ஆகிய ஏழும் ஆண்கள் வேலை என்று நம் வீட்டில் வைத்துக் கொண்டோம். ஆலிம் பாத்திரம் விளக்கலாமா என்று ஒரு பெரியவர் சிரித்தார். அதில் இழிவு என்ன இருக்கின்றது?

ஐந்தாவது, இக்கட்டுரையில் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. தம் திறந்ததும் முதல் சோற்றை நான்கு பங்குக்காக எடுத்து மூடி வையுங்கள். ஒன்று, சமைத்தவர்கள் பங்கு. இரண்டு, வீட்டிலுள்ள நோயாளி, முதியவர், குழந்தைகளின் பங்கு. மூன்று, அண்டை வீட்டார் பங்கு. நான்கு, பாத்திரம் விளக்க, எடுபிடி வேலைக்கு வந்தவர்களின் பங்கு. மிச்சத்தில்தான் விருந்து. உணவு தயாரித்துக் கொண்டு வந்த பணியாளரை உடன் அமர்த்தி உண்ணச் செய்ய வேண்டும், இயலாவிட்டால் ஓரிரு கவளமாவது கொடுக்க வேண்டும், ஏனெனில் அதன் சூட்டையும் புகையையும் தாங்கியவர் அவரே என்று நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கின்றார்கள். பணியாளருக்கே இந்த உரிமை என்றால், தாய்க்கும் மனைவிக்கும் எவ்வளவு இருக்கும்? முதல் பந்தி எழுந்ததும் சமைத்தவர்கள் உட்கார வேண்டும். அப்போது ஆண்கள் அவர்களுக்குப் பரிமாற வேண்டும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் பந்திக்காகக் காத்திருக்க விடாதீர்கள். அந்நோய்க்கான சில மாத்திரைகளைப் போட்டுக் கொண்டு உணவைத் தள்ளிப் போட்டால், இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரை எப்போது, உணவு எப்போது என்று மருத்துவரிடம் கேட்டு, வேளை தவறாமல் கொடுங்கள்.

ஆறாவது, ஏழையும் அண்டை வீடும். ஃபித்ரா, தொழுகைக்குப் புறப்படும் முன்பே கொடுக்கப்பட வேண்டும். பெருநாளன்று ஏழை வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. செல்வர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவே உணவுகளில் மிகக் கெட்டது என்ற எச்சரிக்கை பெருநாள் விருந்துக்கும் பாடமாகும். ஆணம் காய்ச்சினால் தண்ணீரைச் சற்றுக் கூட்டியாவது அண்டை வீட்டாரைக் கவனிக்கும்படி ஹள்ரத் அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசம் செய்யப்பட்டது. அண்டை வீட்டார் என்றால் முஸ்லிம்கள் மட்டுமா? ஹள்ரத் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான நம் அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நம் தாயாருக்குச் சீனித் தண்ணீர் புகட்டிய எதிர் வீட்டு அக்காவும் பிற மதத்துச் சகோதரிதான். அவர் புலால் உண்ணாதவர். அப்படிப்பட்டவர்களுக்கு, கறிச் சட்டியைத் தொடாத தனிப் பாத்திரத்தில் சேமியாப் பாயசம் செய்து, மற்றவற்றை அடுப்பிலேற்றும் முன்பே அனுப்பி விடுங்கள். அல்லது பழமும் தேங்காயும் அரிசியுமாகக் கொடுங்கள். அவருடைய மனம் நோகாமல் கொடுப்பதும் விருந்தின் ஒழுக்கமே. கொடுப்பது சொற்பமாயிற்றே என்று கூச்சப்படவும் வேண்டாம். அண்டை வீட்டுக்காரி கொடுப்பது ஆட்டின் குளம்பானாலும் அதை அற்பமாக எண்ணக் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் பெண்களை அழைத்தே சொல்லியிருக்கின்றார்கள்.

ஏழாவது, பரிமாறும் முறை. காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் சஹனைச் சுற்றி அமர்ந்து கூட்டாக உண்ணும் வழக்கம் இன்றும் இருக்கின்றது. சேர்ந்து உண்பதில் பரக்கத் உண்டு. விளக்க வேண்டிய தட்டும் குறையும். தனித்தனியே பரிமாறுவதானால் வாழையிலையோ வீட்டுத் தட்டோ போதும். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள், தட்டுகள், குவளைகள் முதலியன 2019-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கின்றன. சட்டத்தை மீறி, தெருவையும் கெடுத்து, விருந்து வைக்க வேண்டுமா? முதலில் கொஞ்சமாக வையுங்கள். மறுசோறு கேட்டால் மகிழ்ச்சியோடு வையுங்கள். 'இன்னும் ஒரு கரண்டி' என்று வற்புறுத்தி இலையை நிரப்பாதீர்கள். முப்பது நாள் பகலில் ஓய்ந்திருந்த வயிறு அது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற அளவு நபிமொழியில் வந்துள்ளது.

எட்டாவது, மீந்த உணவு. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகம் வீணாக்கிய உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் பத்தில் ஆறு பங்கு வீடுகளிலிருந்து போனது! உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்துள்ள கட்டளை அஃராஃப் அத்தியாயத்தின் 31-ஆம் வசனத்தில் இருக்கின்றது. ஓதுகின்ற நம் வீட்டிலிருந்தும் அந்தக் குப்பை போகலாமா? சமைத்த சோறும் கறியும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆறிக் கிடக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரமே கெடு. நம் பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் சொல்லவே வேண்டாம். ஆகவே பரிமாறும் வரை தேக்சாவைச் சூட்டிலேயே மூடி வைத்து, மீந்ததைக் கை படும் முன்பே பிரித்து, உடனே கொடுத்தனுப்புங்கள். கெட்டுப் போகும் தறுவாயில் உள்ளதை ஏழைக்குக் கொடுப்பது தர்மமாகாது. இரவில் பாத்திரங்களை மூடி வைக்கும்படியும், நெருப்பை அணைத்து விட்டு உறங்கும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை, களைத்துப் போன அந்த இரவில் குறிப்பாக நினைவில் வையுங்கள். கேஸ் அடுப்பைப் பார்த்து மூடுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளைப் பற்றியும் ஒரு சொல். குர்பானி இறைச்சியை மூன்றாகப் பங்கிட்டு, வீட்டாருக்கு ஒன்று, உறவினர் நண்பர்களுக்கு ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று எனக் கொடுப்பது விரும்பத்தக்கது. ஓர் ஆண்டு மக்கள் கஷ்டத்தில் இருந்ததால், மூன்று நாளுக்கு மேல் இறைச்சியை வைத்திருக்கக் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மறு ஆண்டு கஷ்டம் நீங்கியதும் சேமிக்க அனுமதி தந்தார்கள். ஆக, ஃப்ரிட்ஜில் வைப்பது ஆகும். ஆனால் அதன் கதவைச் சாத்தும் முன், நம் தெருவில் கஷ்டம் நீங்கி விட்டதா என்று ஒரு முறை பார்த்துக் கொள்ள வேண்டும்.

விருந்துக்குப் போகின்றவர்களுக்கும் கடமையுண்டு. அழைக்கப்படாதவரைக் கூட்டிச் செல்வதானால் முன்னரே கேளுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை. பிடித்தால் உண்பார்கள், இல்லாவிட்டால் விட்டு விடுவார்கள். உப்புக் குறைவு என்ற ஒரு சொல், மூன்று மணிக்கு எழுந்த ஒருத்தியின் பெருநாளையே பறித்து விடும். உண்டு முடித்த பின் பேச்சில் இலயித்து உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று அஹ்ஸாப் அத்தியாயத்தின் 53-ஆம் வசனத்தில் அல்லாஹ்வே கற்றுத் தருகின்றான். திண்ணையில் நீங்கள் நீட்டும் ஒவ்வொரு அரை மணியும், உள்ளே ஒருவர் சாப்பிடாமல் காத்திருக்கும் அரை மணி. எழுந்து புறப்படும்போது அந்த வீட்டாருக்காக துஆச் செய்யுங்கள். முடிந்தால் வாசலிலிருந்தே, "வீட்டில் எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

2023-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளில் நம் வீட்டுக்கு அழைத்தது பன்னிரண்டு பேரைத்தான். ஒன்றரை கிலோ அரிசி போட்டோம். தம் திறந்ததும் முதல் தட்டை நாமே எடுத்துச் சென்று தாயாரின் முன் வைத்தோம். "வந்தவுக இருக்கயில நான் முந்தித் திங்கிறதா?" என்று மறுத்தார்கள். "இது ஜாபிர் ரலியல்லாஹு அன்ஹு வீட்டு வழக்கம்மா" என்று சொல்லி அருகிலேயே அமர்ந்தோம். சிறிது நேரம் தட்டையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிட்டார்கள். வெளியே பந்தி தொடங்கச் சற்றுத் தாமதமாயிற்று. விருந்தாளிகளில் ஒருவரும் குறைபட்டுக் கொள்ளவில்லை.

யா அல்லாஹ்! எங்கள் பெருநாள்களை பரக்கத் உள்ளதாக ஆக்குவாயாக! எங்கள் விருந்துகளை வீண் பெருமையை விட்டும் விரயத்தை விட்டும் காப்பாயாக! எங்களுக்காக அடுப்பின் முன் நின்று வியர்த்தவர்களின் வயிற்றையும் மனத்தையும் நிறைப்பாயாக! எங்கள் பெற்றோருக்கு நற்சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.